காகிதத்தில் ஏறிய பெயர்

(ஆலை வாசல் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



'பதிலி' என்ற சொல்லுக்கு ஆலைத் தொழிலாளியிடம் யாரும் பொருள் விளக்க வேண்டியதில்லை. அதே மெஷின், அதே பஞ்சுத் தூசி. ஆனால் மஸ்டர் ரோலில் ஒருவர் நிரந்தரம், பக்கத்தில் நிற்பவர் பதிலி. கழனியில் இறங்கும் தோழர்களுக்கும் இந்தச் சங்கதி தெரியும். மூன்று தலைமுறை உழுத நிலமானாலும், பட்டாவில் பெயர் இல்லாதவனை ஒரு நோட்டீசு வெளியே தள்ளிவிடும். இலங்கையிலிருந்து இங்கு வந்து குடியேறிய நம் மக்களையும் இப்படிப்பட்ட சர்க்கார் சொற்கள்தான் ஆட்டி வைக்கின்றன.

மண்டபம் முகாமை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணி பிடித்துச் சென்ற ஏழைகளை அங்கேதான் நிறுத்தி, நோய் பார்த்துக் கப்பலேற்றினார்கள். அன்று அவர்களுக்குப் பெயர் 'கூலி'. காடழித்துத் தேயிலை வளர்த்த அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை 1948-இல் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் 'நாடற்றவர்' ஆக்கியது. அடுத்த ஆண்டே ஓட்டும் போயிற்று. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளியின் ஓட்டு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்ததை ஆளும் கூட்டம் மறக்கவில்லை.

பிறகு 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். இங்கே ஏழு பேர் வந்தால் அங்கே நான்கு பேருக்குப் பிரஜாவுரிமை என்பது விகிதம்! சந்தையில் மாடு பிடிப்பவன்கூட மாட்டைத் தட்டிப் பார்ப்பான். இந்த மக்களிடமோ எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படி வந்தவர்களுக்குச் சர்க்கார் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. மிகப் பலர் பிறந்து வளர்ந்ததே மலையகத்தில்தான். கண்ணால் கண்டிராத ஊருக்கு ஒருவர் எப்படித் 'திரும்புவது'? ஆயினும் அந்தப் பொய்யான சொல்லுக்குப் பின்னால் சில உரிமைகள் இருந்தன. இந்திய பாஸ்போர்ட் இருந்தது, ஓட்டு இருந்தது. குடும்ப அட்டையைக் காட்டிச் சிலர் நீலகிரி டான்டீ தோட்டங்களிலும், சிலர் கூட்டுறவு நூற்பாலைகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். சிலருக்குத் தொழில் கடன் கிடைத்தது. (கடன் பணத்தில் கைவைத்த தரகர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.)

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகுகள் வந்தன. அதே மண்டபம்தான். அண்ணன் பாஸ்போர்ட்டோடு முன்பே கப்பலில் வந்திருப்பார். அதே லயத்தில் பிறந்த தம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்திருப்பார். அண்ணன் பிரஜை. தம்பி 'அகதி'.

இந்த 'அகதி' என்ற சொல்லைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். முகாம் பதிவேட்டில் அது உண்டு, மாத உதவித்தொகைப் பட்டியலில் உண்டு. ஆனால் இந்தியச் சட்டம் அகதி என்று தனியாக ஒருவரை அறியாது. 1951-ஆம் ஆண்டின் சர்வதேச அகதிகள் உடன்பாட்டில் இந்தியா கையெழுத்திடவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர் 'அந்நியர்'. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு படி போய், முறையான பயணக் காகிதமின்றி வந்தவரை 'சட்டவிரோதக் குடியேறி' என்றது. அந்தப் பெயர் விழுந்தவர் நாற்பது வருஷம் இங்கே வாழ்ந்தாலும் பதிவின் மூலம் பிரஜாவுரிமை கேட்க முடியாது. 2019-இல் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு, அதிலும் மதம் பார்த்து, கதவைத் திறந்தார்கள். அந்த மூன்றில் இலங்கை இல்லை.

2021-இல் தமிழக சர்க்கார் அகதி முகாம் என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. மரியாதையான பெயர், வரவேற்கிறோம். ஆனால் பெயர்ப்பலகை பிரஜாவுரிமை தராது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்காகத் தண்டனை இல்லை என்று மத்திய சர்க்கார் விலக்கு அளித்தது. 'இனி நாமும் பிரஜைதானே?' என்று கேட்கிறார்கள். இல்லை, தோழர்களே. தண்டிக்க மாட்டேன் என்பது வேறு, நீயும் இந்நாட்டவன் என்பது வேறு. ஆதார் அட்டையும் அப்படித்தான். அது பிரஜாவுரிமைக்குச் சான்றல்ல என்று அதற்கான சட்டமே சொல்கிறது.

இன்னொரு சேதி பலருக்குத் தெரியாமலே கிடக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியப் பிரஜை. முகாமில் பிறந்தவருக்கும் இது பொருந்தும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவரின் தாய் தந்தையரில் ஒருவராவது பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆகவே நம் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண், ஓட்டுப் போடுகிறவர், முகாம்காரரை மணந்து இன்று ஒரு பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளை பிறப்பால் பிரஜையாவதற்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

முகாமிலிருந்து கூலி வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் வருகிறவர்கள் நம்மோடு ஒரே டீக்கடையில் நிற்கிறவர்கள்தான். அவர்களிடம் சொல்லுங்கள்: பிறந்த தேதி, பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, பெற்றோரின் தோட்டத்துக் காகிதம், தாத்தாவின் சொந்த ஊர்ப் பெயர், எதையும் கிழிந்தது என்று எறிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வரட்டும். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்களின் மனுக்களை முதலில் எழுதுவோம்.