கண்டமாலைக்குக் கயிறா, மருந்தா?

(விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)

சூளையில் வெந்த சாமானில் விரிசல் கண்டால், மண்ணில் கோளாறா, சூட்டில் கோளாறா என்றுதான் தேடுகின்றீர்கள். தாயத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. பிள்ளையின் கழுத்தில் நெறி கட்டினால் மாத்திரம் மந்திரிக்கிறவனிடம் ஓடுவானேன் என்று கேட்கின்றோம்.

நெறி என்பது என்ன? கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களிலுள்ள நிணநீர் முடிச்சுகள், கிருமிகளை வழிமறிக்கும் காவல் சாவடிகளாகும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கிலும், பல் சொத்தையானால் கழுத்திலும் வீங்குவது அதனால்தான். அநேகமாய்ப் புண் ஆறினால் வீக்கமும் வடியும். அப்படித் தானே வடிந்ததற்குத்தான் சுண்ணாம்புக்கும் கயிற்றுக்கும் இவ்வளவு பெருமை!

இந்த ஏமாற்றம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. கழுத்து நெறிகள் மாலைபோல் வரிசையாய் வீங்கும் கண்டமாலை, ராஜா தொட்டால் தீருமென்று இங்கிலாந்திலும் நம்பினார்கள். 1712-ல் சாமுவேல் ஜான்சன் என்ற குழந்தையை ஆன் ராணி தொட்டாள். பின்னாளில் பெரும் அகராதி செய்த அவருக்கு அவ்வியாதியின் தழும்பு சாகும்வரை மாறவில்லை. 1882-ல் ராபர்ட் காக் க்ஷயக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகே இதன் மூலகாரணம் விளங்கிற்று.

பிறத்தியாரைச் சொல்வானேன்? நாம் மேடைதோறும் மூடநம்பிக்கையைக் கண்டித்து வந்த காலத்திலேயே, நம் தங்கை மகள் கழுத்தில் நான்கு மாதம் மந்திரித்த கயிறு தொங்கிற்று. கட்டி உடைந்து சீழ் வந்த பிறகே சோதித்து, க்ஷயமென்று அறிந்தோம். மருந்து ஆரம்பித்த சில வாரத்தில் கட்டி இன்னும் பெருத்தது. “மருந்தை நிறுத்து” என்று வீட்டார் கூச்சலிட்டனர். குணமாகி வரும்போதே சிலருக்கு அப்படி வீங்குமென்று டாக்டர் சொன்னார். நிறுத்தவில்லை; 6 மாதத்தில் குணமாயிற்று. தழும்பு மாத்திரம் நின்றுவிட்டது. அது நம் அலட்சியத்தின் தழும்பேயாகும்.

ஆகவே தோழர்களே! 2 வாரமாகியும் வடியாத நெறியை அமுக்காதீர்கள், கீறாதீர்கள், சூடு போடாதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் க்ஷயத்துக்குச் சோதனையும் மருந்தும் இலவசம். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதை, 1956-ல் சென்னையில் ஆரம்பித்த ஆராய்ச்சிதான் உலகத்துக்குக் காட்டிற்று. ஆனால் டாக்டர் சொல்லுமுன் மருந்தை நிறுத்தக்கூடாது. கல் தூள் நெஞ்சில் தங்கினவர்களைக் க்ஷயம் எளிதில் பற்றும். ஆதலால் உங்களுக்கு இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். கயிறு இருந்தால், அதனடியில் கட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்!