உழைப்பை எண்ணும் கல்வி நம்மவர்க்கு வேண்டும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசாத அரசியல் மேடை இந்நாட்டில் இல்லை. ஆனால், வேலையற்றோர் எத்தனை பேர், அவர்களை எண்ணியவர் யார், எவ்வாறு எண்ணினர் என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்விகளைக் கேட்கவும் அவற்றிற்கு விடை காணவும் நம்மவரைப் பயிற்றுதல் வேண்டும். இதுவே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டில் நாட்டின் பொருளாதாரம் நூற்றுக்கு ஏழுக்கு மேல் சுருங்கிற்று. எரிபொருளுக்கும் உரத்துக்கும் மக்கள் பட்ட பாட்டை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டு பிறநாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். அவ்வாண்டுக்கு அரசாங்கப் புள்ளிவிபரம் காட்டிய வேலையின்மை எவ்வளவு? நூற்றுக்கு ஐந்திலும் குறைவு! அத்தொகை பொய்யா? பொய்யன்று. அதன் பொருளைத்தான் நாம் அறிந்துகொள்ளவில்லை.

சர்வதேச தொழில் தாபனத்தின் வரையறைப்படி, குறித்த ஒரு வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ உழைத்தவர் வேலையுள்ளவர். வேலை இல்லாமல், வேலையைத் தேடிக்கொண்டு, கிடைத்தால் ஏற்கவும் ஆயத்தமாக இருப்பவரே வேலையற்றவர். இவ்விரு சாராரும் சேர்ந்ததே தொழிற்படை. தேடித் தேடிக் களைத்து, தேடுவதையே கைவிட்டவர் தொழிற்படைக்கு வெளியே நிற்கிறார்.

எடுத்துக்காட்டாக, ஒரு கிராமத்துத் தொழிற்படையில் 50 பேர் உளர் என்று கொள்வோம். அவர்களுள் 5 பேர் வேலையற்றோர். வேலையின்மை நூற்றுக்கு 10. அந்த ஐவருள் மூவர் மனமுடைந்து வேலை தேடுவதை நிறுத்திவிடுகின்றனர். இப்போது தொழிற்படை 47, வேலையற்றோர் 2. வேலையின்மை நூற்றுக்கு நான்கைச் சற்றே தாண்டி நிற்கிறது! ஒருவருக்கேனும் வேலை கிடைக்கவில்லை. ஆயினும் வேலையின்மை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இக்கணக்கை அறியாதவர் கைதட்டுவர். அறிந்தவர், வெளியே சென்ற மூவரையும் தேடுவர்.

அன்பர்களே! எண்ணப்படாமல் விடப்பட்டதன் விலையை நம்மைப் போல் அறிந்தோர் இந்நாட்டில் இல்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 1990ஆம் ஆண்டில் காலாண்டுத் தொழிற்படை மதிப்பீட்டைத் தொடங்கிற்று. போரின் காரணமாகப் பல ஆண்டுகள் வடக்கும் கிழக்கும் அதற்குப் புறம்பாகவே இருந்தன. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு 25 மாவட்டங்களுள் 18 மாவட்டங்களிலேயே முற்றுப் பெற்றது. 1981க்குப் பின் நாடு முழுவதையும் எண்ணிய முதற் குடிசன மதிப்பு 2012இல் நடைபெற்றதே. தொழிற்படை மதிப்பீட்டில் எல்லா மாவட்டங்களும் நிலையாக இடம்பெற்றது 2011 முதற்கொண்டே. இலங்கை என்ற பெயரைத் தாங்கி வந்த அட்டவணைகளில் நம் செம்மண்ணில் சிந்திய வியர்வைக்கு இடமிருக்கவில்லை.

இன்று இடம் கிடைத்துவிட்டது. குறை தீர்ந்ததா? வினாக்கொத்தோடு வீட்டு வாசலுக்கு வரும் உத்தியோகத்தர், “அம்மா, நீங்கள் வேலை செய்கிறீர்களா?” என்று கேட்கிறார். “இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்” என்று அத்தாய் விடையிறுக்கிறாள். விடியற்காலையில் இறைப்புக்குத் துணை நின்றவள், களை பிடுங்கியவள், விற்பனைக்கு வெங்காயம் கட்டியவள் அவள்! வரையறைப்படி அவள் ஊதியம் பெறாக் குடும்பத் தொழிலாளி. வேலையுள்ளவர்களோடு எண்ணப்பட வேண்டியவள். பயிற்சி பெற்றவர் அவ்விடையோடு திரும்பமாட்டார். “தோட்டத்தில் ஒரு மணி நேரமேனும் கை கொடுத்தீர்களா? பால் விற்றீர்களா?” என்று வினவுவார். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பு சம்பளப் பட்டியலில் பதிந்திருக்கிறது. இவளுடைய உழைப்போ கேள்வி கேட்பவரின் திறமையில் தங்கியிருக்கிறது. இலங்கைப் பெண்களுள் மூவரில் ஒருவர் அளவிலேயே தொழிற்படையில் உள்ளனர் என்னும் செய்தியை இதையும் மனத்திற்கொண்டே படித்தல் வேண்டும்.

கமக்காரரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2013இல் ஜெனீவாவில் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளர் மகாநாடு வரையறையைத் திருத்தியது. முதன்மையாகத் தன் குடும்பத்தின் உணவுக்கென்றே பயிரிடுவோர் உழைப்பாளராகக் கொள்ளப்படுவர். ஆனால் ‘வேலையுள்ளோர்’ என்ற தொகையில் சேரார். சந்தைக்கென்று பயிரிடுவோரே அத்தொகையில் சேர்வர். ஆதலால், எந்த வரையறையின் கீழ் எண்ணினர் என்று கேட்டறியாமல் ஓர் ஆண்டின் தொகையை இன்னோர் ஆண்டின் தொகையோடு ஒப்பிடலாகாது. கணக்கெடுத்த வாரம் அரிவு வெட்டுக் காலத்ததா, வயல் காய்ந்து கிடந்த காலத்ததா என்பதையும் கேட்டல் வேண்டும்.

மாதிரியின் அளவும் கேட்கத்தக்கதே. நாடு முழுவதிலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 25,000 வீடுகளிலேயே இம்மதிப்பீடு நடைபெறுகிறது. அதில் முல்லைத்தீவு போன்ற சிறு மாவட்டத்தின் பங்கு சொற்பமே. அப்பங்கையும் வயது, பால், கல்வி என்று கூறுபோட்டால், கிடைக்கும் வீதத்தில் வழு பெருகும். ஓராண்டு ஏறியதையும் மறு ஆண்டு இறங்கியதையும் கண்டு மேடையில் முழங்குவோர், அந்த ஏற்றமும் இறக்கமும் வழுவின் எல்லைக்குள் அடங்கியவையோ என்று முதலில் பார்த்துக்கொள்ளல் நன்று.

ஒரே கிராமத்தில் பட்டதாரி வேலையில்லை என்கிறார். கமக்காரர் கூலிக்கு ஆளில்லை என்கிறார். இருவர் கூற்றும் மெய்யே. படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள வேலைக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையை 1971இல் டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த தொழில் தாபனக் குழு சுட்டிக்காட்டிற்று. அரை நூற்றாண்டு கடந்தும் அப்பிளவை மாவட்டந்தோறும் அளந்து, நம்மிடையே பயிற்சிக்கூடங்கள் எவை வேண்டும், தொழிற்சாலைகள் எவை வேண்டும் என்று சொல்லத்தக்கவர் நம்முள் எத்தனை பேர்?

ஆகவே நான் கோருவன மூன்று. முதலாவது, வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பாளர்க்கு நம் மக்களின் தொழிலும் பேச்சும் உணர்ந்த பயிற்சி தமிழிலேயே அளிக்கப்படல் வேண்டும். இரண்டாவது, இத்தாலியின் தூரின் நகரில் 1964இல் நிறுவப்பட்ட தொழில் தாபனப் பயிற்சி நிலையம் தொழிற் புள்ளிவிபரம் பற்றிய பாடநெறிகளை நடத்துகிறது. அத்தகைய இடங்களுக்கு நம் இளம் உத்தியோகத்தரும் அனுப்பப்படல் வேண்டும். கற்று மீள்வோர் தாம் கற்றதை நம் பல்கலைக்கழகங்களில் தமிழில் கற்பித்தல் வேண்டும். மூன்றாவது, கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஓர் அட்டவணையைப் படித்துக் கேள்வி கேட்கவல்ல ஓரிருவரையேனும் தம்மிடத்தே உருவாக்குதல் வேண்டும்.

முதலிரண்டையும் அரசாங்கத்திடமும் பல்கலைக்கழகங்களிடமும் கேட்போம். மூன்றாவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. உரிமை கேட்டு நிற்கும் மக்களுக்கு உணர்ச்சி மட்டும் போதாது. கணக்கும் கையில் இருத்தல் வேண்டும். நம் உழைப்பின் அளவைப் பிறர் சொல்லக் கேட்டுத் தலையசைக்கும் நிலை மாறட்டும். இங்கு கூடியிருக்கும் பட்டதாரிகள் அப்பணியை நாளையே தத்தம் ஊர்ச் சங்கத்தில் தொடங்குவார்களாக!