வரி வாங்கத் தெரிந்த சர்க்காருக்குக் காவல் செய்யத் தெரியாதா?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பொன்றில், மயிலாப்பூரில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், கிரிப்டோ நாணயமும் சட்டமும். "கூலி உயர்வைப் பற்றிப் பேசலாம், போனஸைப் பற்றிப் பேசலாம், இது பணக்காரன் விளையாட்டு, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் சில தோழர்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் ஒரு சம்பவம் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது.

முப்பது வருஷம் பஞ்சாலையில் நூல் நூற்ற ஒரு தோழர் இருக்கிறார். பெயர் வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அடையாறில் மகன் வீட்டோடு வந்து தங்கியிருக்கிறார். கிராஜுவிட்டியாக வந்த பணத்தில் 80,000 ரூபாயை, தியாகராய நகரில் ஒரு மாடியறையில் 'காயின்' விற்றவர்களிடம் கொடுத்திருக்கிறார். செல்போனில் அவர் கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் அது மூன்று லட்சம் என்று காட்டியது. பேத்தியின் படிப்புக்காக எடுக்கப் போனார். "சர்க்கார் வரி 30 சதவீதம், 90,000 ரூபாய் முதலில் கட்டுங்கள், பணம் வரும்" என்றார்களாம்.

அவர் என்னிடம் வந்து, "தோழர், சங்கத்தில் 90,000 கடன் கிடைக்குமா?" என்று கேட்டார். "அண்ணே, உங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கு நீங்கள் எதற்குக் கட்ட வேண்டும்?" என்று கேட்டேன். "சர்க்கார் வரியாச்சே" என்றார். மறுநாள் இருவரும் போய்ப் பார்த்தோம். மாடியறையில் பூட்டுத் தொங்கியது.

தோழர்களே, அந்தக் கிழவர் பேராசைக்காரரல்ல. பென்ஷன் போதாத மனிதர். சர்க்காரே வரி போடுகிற சரக்கு என்றால் சர்க்கார் அங்கீகரித்த சரக்காகத்தானே இருக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையைத்தான் மோசக்காரன் தூண்டில் புழுவாக்கினான்.

சாவி யார் கையில்?

முதலில் இந்த நாணயம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பாங்கியில் பணம் போட்டால் பாங்கி ஒரு பேரேட்டில் எழுதிக்கொள்கிறது. கிரிப்டோவிலும் பேரேடுதான், ஆனால் அதன் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஒருவன் தன் நகலைத் திருத்தினால் மற்றவை ஏற்றுக்கொள்ளா. 2009ல் பிட்காயின் இப்படித்தான் ஆரம்பமாயிற்று. நாணயத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்ற ஒரு ரகசிய எண் வேண்டும். அதுதான் சாவி. சாவி எவன் கையிலோ, நாணயம் அவன் கையில்.

ஆனால் நம்மைப்போன்ற ஜனங்கள் செல்போனில் வாங்கும்போது சாவி பெரும்பாலும் நம்மிடம் வருவதில்லை. வாங்கி விற்கும் பரிவர்த்தனைக் கம்பெனியிடமே அது இருக்கிறது. நம்மிடம் இருப்பது செல்போனில் தெரியும் ஒரு தொகை மாத்திரமே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

சென்னை ஹைகோர்ட்டில் வந்த வழக்கு

மேலே சொன்னது வெறும் மோசடி. முறைப்படி நடந்த பெரிய கம்பெனியில் என்ன ஆயிற்று? சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி, 2024 ஜனவரியில், வஸீர்எக்ஸ் என்னும் பரிவர்த்தனை மேடையில் 1,98,516 ரூபாய் கட்டி, எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயத்தில் 3,532 சொச்சம் வாங்கினார். 2024 ஜூலை 18ந் தேதி அந்த மேடையின் பெட்டகம் ஒன்றை இணையத் திருடர்கள் உடைத்து, சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். திருடுபோனவை ஈதரியம் வலையமைப்பைச் சேர்ந்த வேறு வகை நாணயங்கள். இந்த அம்மாளின் நாணயங்கள் அவற்றில் இல்லை. ஆனால் கம்பெனி எல்லோருடைய கணக்கையும் முடக்கிற்று.

கம்பெனி தரப்பு சொன்ன நியாயத்தைக் கேளுங்கள். நஷ்டத்தை எல்லா வாடிக்கைக்காரர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டுமாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர், 'நஷ்டத்தைச் சமூகமயமாக்குவது'! லாபத்தைச் சமூகமயமாக்குவோம் என்று இவர்கள் என்றைக்காவது சொன்னதுண்டா? லாபம் வந்தால் முதலாளிக்கு, நஷ்டம் வந்தால் ஜனங்களுக்கு. இந்தப் பாட்டு நமக்குப் புதிதல்ல. மில் கதவடைப்பில் கேட்ட அதே பாட்டுத்தான்.

விவசாயத் தோழர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். ஊர் வியாபாரியின் கிடங்கில் நீங்கள் பத்து மூட்டை நெல் போட்டு வைக்கிறீர்கள். மூட்டையில் உங்கள் அடையாளம் இருக்கிறது. ஒரு ராத்திரி பக்கத்துக் கொட்டடியிலிருந்த உளுந்து களவு போகிறது. மறுநாள் வியாபாரி, "உளுந்துக்காரனுக்கு நஷ்டம், ஆகவே உன் நெல்லில் பாதியை விட்டுக்கொடு" என்கிறான். கிடங்குக்குக் காவல் போடாதது யார்? வாடகை வாங்கியது யார்? அவன் கைப்பணம் எங்கே? அதைக் கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுகிறான்.

இங்கேயும் ஒப்பந்தத்தைத்தான் காட்டினார்கள். தகராறு வந்தால் சிங்கப்பூரில் மத்தியஸ்தம் என்று அதில் எழுதியிருந்தது. தாய்க் கம்பெனி சிங்கப்பூரில் இருக்கிறது. அங்குள்ள ஹைகோர்ட் 2025 அக்டோபரில் அதன் மறுசீரமைப்புத் திட்டத்தை அங்கீகரித்தது. சென்னையில் பணம் கட்டியவர் நியாயம் கேட்கச் சிங்கப்பூருக்குக் கப்பலேற வேண்டும்!

ஆனால் சென்னை ஹைகோர்ட் இதை ஏற்கவில்லை. 2025 அக்டோபர் 25ந் தேதி நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு பிறப்பித்தார். சென்னையிலுள்ள பாங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது, ஆகவே இங்கே பாதுகாப்புக் கேட்கலாம் என்றார். கிரிப்டோ என்பது கையால் தொடக்கூடிய பொருளல்ல, சட்டபூர்வமான பணமும் அல்ல. ஆனால் அது சொத்து, ஒருவர் அனுபவிக்கவும் வைத்திருக்கவும் கூடிய சொத்து, இன்னொருவருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்துக் காக்கக்கூடிய சொத்து என்றார். நியூஸிலாந்தில் உடைந்துபோன ஒரு கம்பெனியின் வழக்கில் 2020ல் வந்த தீர்ப்பையும் எடுத்துக்காட்டினார். மத்தியஸ்தம் முடியும்வரை அந்த அம்மாளின் பங்குக்கு ஈடாக 9,56,000 ரூபாய்க்குக் கம்பெனி பாங்கி உத்தரவாதம் தரவேண்டும், அல்லது பணத்தைக் கட்டிவைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

இது இடைக்காலப் பாதுகாப்புத்தான், முடிவான தீர்ப்பல்ல. இருந்தாலும் முக்கியமானது. 'சொத்து' என்ற ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கம்பெனிக்குக் கொடுத்த கடன் என்றால், கம்பெனி திவாலாகும்போது மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். உன் சொத்து அவன் காவலில் இருக்கிறது என்றால், "என் மூட்டையை எடு" என்று கேட்கலாம். குத்தகை விவசாயிக்குப் பதிவேட்டில் பெயர் ஏறினால் என்ன பலமோ, அந்தப் பலம் இது.

சர்க்கார் என்ன செய்தது?

ஒருவர் ஹைகோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாப்புப் பெற்றார். வக்கீல் பீஸ் கொடுக்க வழியில்லாதவன் என்ன செய்வான்? சட்டமல்லவா அவனுக்காக நிற்க வேண்டும்? சட்டத்தின் கதையைக் கேளுங்கள்.

2018 ஏப்ரலில் ரிஸர்வ் பாங்கி, கிரிப்டோ கம்பெனிகளோடு பாங்கிகள் வரவுசெலவு வைக்கக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. 2019ல் சர்க்காரின் கமிட்டி தடை வேண்டும் என்று சிபாரிசு செய்தது. 2021 குளிர்காலக் கூட்டத்தொடருக்கு ஒரு மசோதா பட்டியலில் வந்தது. பார்லிமெண்டில் தாக்கலே ஆகவில்லை.

ஆனால் 2022 பட்ஜெட்டில் வரி மாத்திரம் தவறாமல் வந்தது. லாபத்தில் 30 சதவீதம். கோடீஸ்வரனுக்கும் அதே 30, கூலிக்காரனுக்கும் அதே 30. ஒரு நாணயத்தில் நஷ்டம், இன்னொன்றில் லாபம் என்றால் கழித்துக்கொள்ளவும் முடியாது. 2022 ஜூலை முதல் கைமாறும் தொகையிலேயே 1 சதவீதம் பிடித்தம் என்று விதித்தார்கள். வரி போடுவதால் சட்டபூர்வமாக்கியதாக அர்த்தமில்லை என்று நிதி மந்திரி விளக்கமும் தந்தார். 2023 மார்ச்சில் கறுப்புப் பண மாற்றுத் தடைச் சட்டத்தின் கீழ் இக்கம்பெனிகளைக் கொண்டுவந்தார்கள். அது கள்ளப் பணத்தைக் கண்காணிக்க. உங்கள் பணத்தைக் காக்க அல்ல.

ஆக, வரி வாங்கும்போது அது சொத்து. களவு போகும்போது மாத்திரம் அதற்குச் சட்டமில்லை! இந்த இடைவெளியில்தான் உழைப்பாளி விழுகிறான்.

மதறாஸ் கற்ற பாடம்

பாங்கிக்கும் ஒருகாலத்தில் இதே கதிதான். 1906 அக்டோபர் 22ந் தேதி, மதறாஸின் பிரபலமான ஆர்பத்நாட் கம்பெனி பணம் தருவதை நிறுத்திற்று. ஏராளமான குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஆனால் போன பணம்? இதே மயிலாப்பூரில் வாழ்ந்த வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்நின்று, 1907ல் இந்தியன் பாங்கி உண்டாயிற்று. பாங்கிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1949ல்தான் வந்தது. 1960ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பாங்கி கவிழ்ந்த பிறகுதான், 1962 ஜனவரி 1 முதல் டிபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. அப்போது 1,500 ரூபாய் வரை, இப்போது 5 லட்சம் வரை. 1969ல் 14 பெரிய பாங்கிகள் தேசியமயமாயின. ஒவ்வொரு சட்டமும் ஜனங்கள் விழுந்த பிறகு, அவர்கள் கேட்ட பிறகு வந்தது.

தமிழ்நாட்டில் பைனான்ஸ் கம்பெனிகள் ஏமாற்றியபோது 1997ல் டிபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1872ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் பண்டில் போட்ட பணம் திரும்பவில்லை என்று ஜனங்கள் புகார் கொடுத்தபோது, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப் பிரிவு கைது செய்தது. வழக்கு கோர்ட்டில் இருக்கிறது. குற்றத்தை கோர்ட் தீர்மானிக்கும். நான் சொல்வது இதுதான்: புகார் கொடுக்க ஓர் இடமும், சொத்தை முடக்க ஒரு சட்டமும் அங்கே இருக்கிறது.

"தோழர், இது சூதாட்டம்தானே? சட்டம் போட்டால் சூதாட்டத்துக்கு அந்தஸ்து கொடுத்ததாகாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதில் பணம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போடாதீர்கள் என்றே சொல்கிறேன். ஆனால் 30 சதவீதம் வாங்கிய அன்றே சர்க்கார் பாதி அந்தஸ்து கொடுத்தாகிவிட்டது. மீதிப் பாதியான பொறுப்பைத்தான் நாம் கேட்கிறோம்.

நமது கோரிக்கைகள்

தெளிவான தனிச் சட்டம் வேண்டும். வாடிக்கைக்காரர் சொத்தைக் கம்பெனி சொத்தோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும். 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக அமலுக்கு வந்த ஐரோப்பிய யூனியன் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. களவு போனால் முதல் நஷ்டம் கம்பெனியின் மூலதனத்தில் விழ வேண்டும். பணம் கட்டியவர் வாழும் ஊரிலேயே வழக்காட உரிமை வேண்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. உங்கள் பணத்தை எடுக்க முன்கூட்டி 'வரி' கேட்பவன் திருடன்; ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், பாங்கிக்குச் சொல்லுங்கள். ரசீதையும், செல்போனில் வந்த செய்திகளையும் அழிக்காதீர்கள். தனியாகப் போகாமல் சங்கத்தோடு போலீஸுக்குப் போங்கள்.

அந்தப் பஞ்சாலைத் தோழரின் 80,000 இன்னும் வரவில்லை. ஆனால் 90,000 போகாமல் தப்பிற்று. அவர் கொடுத்த புகாருக்குப் பிறகு, அதே மாடியறையில் ஏமாந்த இன்னும் ஏழு பேர் அவரைத் தேடி வந்தார்கள். எட்டுப் பேரும் இப்போது ஒரே மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இன்று இந்த வகுப்புக்கு அவர் வந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரோடு பேசுங்கள். உங்கள் ஊரில் இப்படி யாராவது வாய்மூடி அழுதுகொண்டிருந்தால் அவர்களை நம்மிடம் அழைத்து வாருங்கள்.