செத்த காலேஜும் ஜாதூகரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பேயைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒருவரை மேடையேற்றுவது நம் சங்கத்தில் இதுவே முதன்முறை போலும். மங்கல நாளில் இப்பேச்சு எதற்கு என்று முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியவர் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கின்றோம். சற்றே பொறுத்தருள வேண்டும். காரைக்கால் அம்மையார் தம்மைக் காரைக்கால் பேய் என்றே கூறிக்கொண்டார். ஆழ்வார் பன்னிருவருள் ஒருவர் பேயாழ்வார். பேய் என்னும் சொல்லைத் தெய்வத்தின் பக்கத்தில் அமர்த்திய மொழி நம் மொழி.

பொருட்காட்சிச்சாலைக்கு ஊருக்கொரு பெயர் உண்டு. சென்னையில் 1851ஆம் ஆண்டு தோன்றிய காட்சிச்சாலையை அந்நாளைய மக்கள் ‘செத்த காலேஜ்’ என்றனர். உயிருள்ள விலங்குகளை வைத்திருந்த இடம் ‘உயிர் காலேஜ்’. வங்காளிகளோ காட்சிச்சாலையை ‘ஜாதூகர்’ என்பர். மாய வித்தை வீடு என்பது பொருள். மாய வித்தை நம் பாலிகஞ்சுக்கு அயலானதும் அன்று. தம் இல்லத்திற்கே ‘இந்திரஜால்’ என்று பெயர் சூட்டி இப்பகுதியில் வாழ்ந்தவர் பி. சி. சர்க்கார். 1956இல் அவர் லண்டன் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணைச் சுழல் ரம்பத்தால் அறுப்பதுபோல் காட்டினார். அவ்வளவில் நிகழ்ச்சியின் நேரம் முடிந்துவிட்டது. அப்பெண் மாண்டே போனாள் என்று அஞ்சிய மக்கள் தொலைபேசியில் மொய்த்துக்கொண்டனராம். லண்டன் நகரத்துப் பெரியவர்களே அப்படி அஞ்சினர் எனின், நம் வீட்டு ஏழு வயதுக் குழந்தை அஞ்சுவதில் வியப்பென்ன?

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஐந்து குடும்பத்தார், பிள்ளைகள் பதினொருவருடன், காளிகாட்டில் மெட்ரோ ஏறிப் பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கி, சௌரங்கியில் உள்ள ஜாதூகருக்குச் சென்றோம். டென்மார்க்கு நாட்டுத் தாவரவியல் அறிஞர் நதானியேல் வாலிச் என்பாரின் முயற்சியால் 1814இல் ஆசியச் சங்கம் தொடங்கிய காட்சிச்சாலை அது. இன்றுள்ள மாளிகை 1878இல் திறக்கப்பட்டது. சிற்பங்களும் நாணயங்களும் விலங்குகளின் எலும்புக் கூடுகளும் நிறைந்த அப்பெரிய மாளிகையில், பிள்ளைகளைப் பொறுத்தவரை, பார்க்கத் தகுந்த அறை ஒன்றே ஒன்றுதான். அது எகிப்து அறை. மற்ற அறைகளை அவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கடந்தனர்.

அங்கே கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மம்மி கிடக்கின்றது. வயது சுமார் 4000 ஆண்டு என்பர். துணி சுற்றிய மெலிந்த உடல். கருத்துப்போன மண்டை ஓடு. எகிப்தியர் மூளையை மூக்கின் வழியே எடுத்துவிட்டு இதயத்தை மட்டும் உடலுக்குள் விட்டுவைத்தனர் என்றும், மறுவுலகில் இதயத்தை நிறுத்துப் பார்ப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை என்றும் நாம் விளக்கிக்கொண்டிருந்தோம். விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியின் முந்தானையைப் பற்றிக்கொண்டு, “பாட்டி, இது பூத்தா?” என்றாள். பாட்டியார் தஞ்சை மாவட்டத்துக்காரர். எழுபது வயதைக் கடந்தவர். கண்ணாடியருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். “பூதமும் இல்லை, பேயும் இல்லைடி கண்ணே. யாரோ பெத்த பிள்ளை” என்றார். சிறுமியின் பிடி தளர்ந்தது. நாம் அத்துணை நேரம் சொன்ன இதயமும் மூளையும் செய்யாத வேலையை அந்த ஒரு சொல் செய்தது.

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி தொடங்குகின்றது. வெளியே வந்து மைதானத்துப் புல்லில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்ததும், பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பேய்க்கதை சொல்லலாயினர். எத்தனை பேய்கள்! கன்னியாகவே இறந்தவள் பெத்னி. கையில் சங்கு வளையலுடன் திரியும் சுமங்கலிப் பேய் ஷாக்சுன்னி. வில்வ மரத்தில் குடியிருக்கும் நல்ல குணமுள்ள பிரம்மதைத்யன். நள்ளிரவில் நமக்கு வேண்டியவர் குரலில் பெயர் சொல்லி அழைப்பது நிஷி. மூன்றாம் முறை அழைத்தாலன்றி ஏன் என்று கேட்கலாகாது. மீன்கூடையைத் தொடர்ந்து வருவது மேச்சோ பூத். ஊரார் உண்பதையே ஊர்ப் பேயும் விரும்பும் போலும்! 1907இல் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் தொகுத்த ‘டாகுர்மார் ஜூலி’ என்னும் பாட்டி கதைத் தொகுப்பை நம் பிள்ளைகள் பள்ளியிலும் அண்டை வீட்டிலும் படித்துச் சுவைக்கின்றனர். அது குறித்து மகிழ்ச்சியே. வங்கத்துச் சோறு உண்போர் வங்கத்துப் பேயை அறியாதிருத்தல் தகாது.

ஆனால் அச்சிறுமி பாட்டியை நோக்கி, “தமிழில் பேயே கிடையாதா?” என்று கேட்டாள். பாட்டியார் நம் முகத்தைப் பார்த்தார். நாம் நம் வீட்டாரின் முகத்தைப் பார்த்தோம். மின்விசிறிக்கும் பரீட்சைக்கும் மாற்றல் உத்தரவுக்கும் நடுவே இந்தப் பிள்ளைகளுக்கு யாருமே ஒரு காட்டேறியைக் கூடச் சொல்லித் தரவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. பாட்டியாருக்கு வங்கமொழி தெரியாது. பேத்திக்குத் தமிழ்ப் பேய் தெரியாது. இருவரும் ஒரே அறையில் உறங்குகின்றனர்.

கிடையாதா என்றா கேட்டாய், குழந்தாய்? விடுமுறைக்கு ஊர் செல்ல ஹவுராவில் ரயில் ஏறுகின்றாயே, அந்த ரயில் இரவெல்லாம் எந்த நாட்டின் வழியே ஓடுகின்றது? கலிங்க நாட்டின் வழியே அன்றோ? முதற்குலோத்துங்கனின் படை அங்கு வென்ற போரைப் பாடிய சயங்கொண்டார், போர்க்களத்தில் பேய்கள் கூடிக் கூழ் அட்டு உண்ட விருந்தைக் கலிங்கத்துப் பரணியில் விரித்துரைத்திருக்கின்றார். வங்கப் பேய் மீனுக்கு அலையும். தமிழ்ப் பேய் கூழ் காய்ச்சும். சதுப்பு நிலத்தில் இரவில் மின்னும் ஒளியை வங்கத்துப் படகோட்டிகள் ஆலேயா என்று அஞ்சுவர். அதையே நாம் கொள்ளிவாய்ப் பிசாசு என்போம். மண்ணில் மக்கும் பொருள்களிலிருந்து எழும் வாயுவே அது என்பர் அறிவியலார். பெயர் இரண்டு, அச்சம் ஒன்று.

எல்லாவற்றினும் மேலாக நம்மிடம் வேதாளம் இருக்கின்றது. இந்த வேதாளத்தின் பயணம் கல்கத்தாவோடும் தொடர்புடையது. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித் சாகரத்தில் இருபத்தைந்து வேதாளக் கதைகள் உள்ளன. அங்கே வேதாளம் தொங்கும் மரம் சிம்சுபா. தமிழர் அதை முருங்கை மரமாக்கிக் கொல்லைப்புறத்திலேயே நட்டுவிட்டனர். அடங்காதவனைக் கண்டால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது என்று சொல்லாத தமிழ் வீடு உண்டா? லேக் மார்க்கெட்டில் சஜ்னே என்று நாம் கேட்டு வாங்கும் காயும் அந்த மரத்ததே.

சென்னையில் அரசுப் பணி புரிந்த பெஞ்சமின் கை பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர், தமிழ் வேதாளக் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்து 1831இல் வெளியிட்டார். இவரே அப்பணிக்குப் பின் மருத்துவம் பயின்று, தொண்டைக்குள் எட்டிப் பார்க்கும் கண்ணாடிக் கருவி ஒன்றை 1829இல் செய்து காட்டியவர். வேதாளம் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடியவர், மனிதர் தொண்டையையும் விடவில்லை. கல்கத்தாவில் ஈசுவரசந்திர வித்யாசாகர் கோட்டை வில்லியம் கல்லூரி மாணவர்க்கென 1847இல் வெளியிட்ட ‘பேதாள பஞ்சவிம்சதி’ இதே கதைகளின் வங்க வடிவம். வங்க உரைநடையின் தந்தையரில் ஒருவராகப் போற்றப்படுபவர், வேதாளத்தைத் தோளில் சுமந்துதான் நடை பழகினார்.

1870இல் ரிச்சர்டு பர்ட்டன் இக்கதைகளுள் சிலவற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது, வேதாளத்துக்கு ‘வாம்பயர்’, அதாவது இரத்தக் காட்டேறி, என்று பெயரிட்டார். 1897இல் டிராகுலாவைப் படைத்த பிராம் ஸ்டோக்கர் இந்தப் பர்ட்டனை நேரில் கண்டு உரையாடியவர்; பேசும்போது அவருடைய கோரைப்பல் வெளித் தெரிந்ததைத் தம் நினைவுக் குறிப்பில் வியந்து எழுதினார். இதைக் கொண்டு டிராகுலா நம் வேதாளத்தின் பேரன் என்று கொண்டாடத் துணியோம். வேதாளம் இரத்தம் குடிக்காது, கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறவாதவன் தலை வெடிக்கும் என்று அச்சுறுத்தும். இரத்தம் குடிப்பவனுக்கோ மேனாட்டில் காட்சியகமே கட்டியிருக்கின்றனர். பாரிசை அடுத்த லே லிலா என்னும் ஊரில் ழாக் சிர்ழான் என்பவர் நூல்களும், டிராகுலா வேடம் பூண்ட நடிகர்களின் கையொப்பங்களும், வினோதப் பொருள்களுமாகச் சேர்த்து, இரத்தக் காட்டேறிகளுக்கென ஒரு சிறு காட்சியகம் அமைத்தார். நம் வேதாளத்திற்குக் காட்சியகம் பாட்டியாரின் நினைவு ஒன்றே. அதற்கு நுழைவுச் சீட்டு இல்லை. மூடும் நேரம் மட்டும் உண்டு.

நாம் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து நீராடும் அதே சதுர்த்தசித் திதியை வங்கத்தார் பூத சதுர்த்தசி என்பர். பதினான்கு வகைக் கீரை உண்டு, பதினான்கு தலைமுறை முன்னோருக்கென மாலையில் பதினான்கு விளக்கு ஏற்றுவர். தீய ஆவிகளை விலக்கவும் அவ்விளக்கே. வீட்டு முன்னோருக்கு வழி காட்டவும் அவ்விளக்கே. இரண்டையும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. தாகூரும் 1929இல், தம் அறுபத்தெட்டாம் வயதில், உமாதேவி என்னும் பெண்ணை எழுதுகோல் பிடிக்கச் செய்து இறந்தோரை அழைத்துக் கேள்வி கேட்டார். அவர் அழைத்தவருள் ஒருவன், 1907இல் பதினோராவது வயதில் மறைந்த அவர் மகன் சமீந்திரன். அந்தக் குறிப்பேடுகள் சாந்திநிகேதனத்து இரவீந்திர பவனத்தில் காக்கப்படுகின்றன. வந்தது ஆவியா, எழுதியது அப்பெண்ணின் மனமா என்னும் வழக்கில் நாம் புகவில்லை. இருபத்திரண்டு ஆண்டு கழிந்த பின்னும் ஒரு தந்தை கேட்க விரும்பிய கேள்விகள் அவை.

ஆதலின் செயற்குழுவின் இசைவோடு ஓர் அறிவிப்பு. வரும் பூத சதுர்த்தசி அன்று மாலை ஆறு மணிக்கு, நம் சங்கத்தின் நூலக அறையில் பதினான்கு விளக்கேற்றி, அந்தப் பாட்டியார் வேதாளத்தின் முதற்கதையைச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கின்றார். பிள்ளைகள் தங்கள் பெத்னியையும் நிஷியையும் அழைத்து வரலாம். ஆனால் அவை தமிழ் பேச வேண்டும். வேறு பாட்டிமாரும் தாத்தாமாரும் தத்தம் ஊர்ப் பேய்களுடன் வருமாறு வேண்டுகின்றோம். மின்விளக்கை அணைக்க மாட்டோம் என்று சிறுவர்க்கு உறுதி கூறியிருக்கின்றோம். சுண்டலும் காப்பியும் உண்டு.