ஸ்டுட்கார்ட் நகர மாந்தரும் இருப்புப்பாதையும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஜெர்மானிய தேசத்து ஸ்டுட்கார்ட் பட்டணத்தில், 16 இருப்புப்பாதைகள் வந்து முடியும் புகைவண்டி நிலையத்திற்குப் பதிலாக, நிலத்தடியே 8 பாதைகள் ஊடுருவிச் செல்லும் நிலையமொன்று அமைக்க 1994-ம் ஆண்டில் திட்டம் வெளியாயிற்று. பழைய நிலையத்தின் இருபுறத்துக் கட்டடங்கள் இடிபடும். பூங்காவின் முதிர்ந்த விருட்சங்கள் வீழும். ஊருக்குப் பெருமை தரும் தாதுநீர் ஊற்றுக்களுக்கும் கேடு நேருமோவென மாந்தர் அஞ்சினர். இவர்கள் ரயிலை வெறுப்பவரல்லர். உள்ள நிலையத்தையே செப்பனிடுமாறு மாற்று வரைபடமும் கொடுத்தவர்கள்.

2007-ல் 60,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு, ஊராரின் வாக்கைக் கேட்குமாறு விண்ணப்பித்தனர். நகரசபை மறுத்துவிட்டது. அனைத்திலும் பெரும் பிசகு இதுவே என்பது நம் அபிப்பிராயம். பின்னர் திங்கட்கிழமைதோறும் ஜனங்கள் திரண்டனர். 2010 செப்டம்பர் 30-ந் தேதி, மரம் வெட்டவிருந்த இடத்தில் மாணவரும் முதியோரும் வழிமறித்து நிற்க, போலீசார் நீரைப் பீறிட்டடித்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கண்ணொளி குன்றியோரும் உளர். அச்செயல் சட்டவிரோதமென்று 2015-ல் நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. மரங்களோ மீளவில்லை.

2011 நவம்பரில் மாகாணமெங்கும் வாக்கெடுத்தபொழுது, நூற்றுக்கு ஏறக்குறைய 59 பேர் திட்டத்தின் பக்கமே நின்றனர். பட்டணத்திலும் எதிர்த்தோர் தோற்றனர். எனினும் திங்கட்கிழமைக் கூட்டத்தை அவர்கள் விட்டாரில்லை. 2009-ல் சுமார் 450 கோடி யூரோவுக்கு மேற்படாதென்ற செலவு 1,100 கோடியைக் கடந்தது. கணக்கை முன்னரே கேட்டவர்களுக்கு அது வியப்பாயிருக்கவில்லை.