இருமினால் கசிகிறதா? வாயைத் திறந்து சொல்லுங்கள்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் சார் கேட்டபோது, "ஆரோக்கியம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டீர்கள். விஷயம் சிறுநீர்க் கசிவு. இருமும்போது, தும்மும்போது, தண்ணீர் கேனைத் தூக்கும்போது நம்மை அறியாமல் கொஞ்சம் போய்விடுகிறதே, அதுதான்.

எனக்கு மூன்று வருடம் இருந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அது தப்பு. சிறுநீர் அடர்த்தியானால் பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேரும், முக்கி முக்கிக் கசிவு கூடும். அடுத்து, வெளியூர்ப் பயணத்தை நிறுத்தினேன். பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் எத்தனை மணி நேரம் என்று உங்களுக்கே தெரியும். நம் ஊர் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலாவுக்கே இரண்டு வருடம் போகவில்லை. மாம்பழம் இறைக்கிற கூட்டத்துக்கு நடுவில் கழிப்பறைக்கு எங்கே ஓடுவது? கேட்டவர்களிடம் முட்டி வலி என்றேன்.

சர்க்கரைக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மாவே கேட்டார்: "இருமினால் கசியுதாம்மா?" அழுதுவிட்டேன். வயசானால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன் என்றேன். அவர் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். எலும்பு முறிவுக்கும் கழுத்து வலிக்கும் மட்டும்தான் பிசியோதெரபி என்று எண்ணியிருந்தவள் நான்.

நம் இடுப்பின் அடியில், முன் எலும்பிலிருந்து வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோலத் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாம் அதன் மேல்தான். பிரசவம், மாதவிடாய் நின்ற பின் வரும் மாற்றம், உடல் எடை, நாள்பட்ட இருமல் இவற்றால் தூளி தொய்ந்துபோகும். அதை இறுக்கும் பயிற்சியை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் எழுதினார். அதனால்தான் கெகல் பயிற்சி என்று பெயர்.

செய்முறையைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். கூட்டத்தில் இருக்கும்போது வாயு வந்தால் எப்படி இறுக்குவோம்? அதோடு சிறுநீரையும் நிறுத்துவதுபோல, உள்ளே, மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டிலிருந்து பத்து தடவை, தினம் மூன்று வேளை. பிடிக்கும் நேரத்தை மெல்ல மெல்லப் பத்து எண்ணிக்கை வரை கூட்டலாம். தும்மல் வருகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்பே ஓர் இறுக்கு. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி இதைப் பழகாதீர்கள்.

நான் முதல் ஒரு மாதம் செல்போன் வீடியோ பார்த்துச் செய்தேன், ஒரு பலனும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்! கெகலே இதற்காகத்தான் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவி செய்தார். அதனால் ஒரு தடவையாவது தெரிந்தவரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். ஆர்.டி. கட்டுகிற மாதிரிதான், முதல் மாதம் பாஸ்புக்கைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கணக்கு கேட்பவர்களுக்கு ஒன்று: 2018-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், இருமல், தும்மலில் கசியும் பெண்களில், பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர்தான்.

இன்னொரு வகையும் உண்டு. லிஃப்டில் வரும்வரை ஒன்றுமில்லை, வாசலில் சாவியைப் போட்டதும் தாங்க முடியாது. அப்போது ஓடாதீர்கள். நின்று, நாலைந்து தடவை இறுக்குங்கள். அவசரம் தணிந்த பிறகு நடந்து போங்கள். ராத்திரி அவசரத்தில் ஓடித்தான் எங்கள் மாடி அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது.

பின்வரிசையில் சிரிக்கும் ஆண்களே, புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு உங்களுக்கும் இதே பயிற்சிதான்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல், கால் மரத்துப்போவது, எதுவோ கீழே இறங்கியதுபோன்ற உணர்வு இருந்தால் பயிற்சி என்று நாளைக் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு மருந்தோ அறுவையோ தேவைப்படும்.

எனக்கு முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஜலதோஷம் பிடித்தால் இன்னும் ஒன்றிரண்டு சொட்டு உண்டு. ஆனால் இந்த வருடம் பிச்சாண்டவரைப் பார்த்தேன், இரண்டு மாம்பழமும் பிடித்தேன்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். கீழ்த்தளத்தில் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்துக் கழிப்பறை எப்போதும் பூட்டியே இருக்கிறது. மாலையில் கீழே நடக்க வருகிறவர்கள் பாதியிலேயே மேலே ஏறிவிடுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். மாலை நான்கிலிருந்து எட்டு மணி வரையாவது அதைத் திறந்து வையுங்கள். சுத்தம் செய்யும் செலவில் என் பங்காக மாதம் நூறு ரூபாய் தருகிறேன். பொருளாளர் சார் ரசீது கொடுத்தால் போதும்.