இரவில் விழித்திருக்கும் மணி



சிவராத்திரியன்று ஓரிரவு கண்விழிப்பதை நாம் பெருவிரதமாகக் கொள்கிறோம். ஆனால், ஆண்டின் 365 இரவும் கண்ணயராத வீடுகளும் உண்டு. முதுமை மறதி நோய் கொண்ட தாயையோ தந்தையையோ பராமரிக்கும் வீடுகளே அவை. அவ்வீடுகளுக்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதே இன்று எமது பேச்சின் பொருள்.

“கிழவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது” என்று சொல்லி அப்பாற் போய்விடுவது நம்மவர் வழக்கம். அது வெறும் வயதின் குணமன்று. மூளையைப் பற்றும் நோய். அந்நோய் வகைகளுள் முதன்மையானதை 1906ஆம் ஆண்டில் ஜெர்மனிய வைத்தியர் அலொய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் 5 கோடி 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தனர்.

இந்நோயாளர் பலருக்குப் பொழுது சாயும் வேளையிலே மனக்குழப்பம் மிகும். நள்ளிரவிலே விடிந்துவிட்டதென எண்ணி எழுவர். வயலுக்குப் போகவேண்டுமென்று படலையைத் திறப்பர். முல்லைத்தீவிலே படலைக்கு அப்பால் கட்டில்லாத கிணறு இருக்கலாம். களப்பும் கடலும் உண்டு. காட்டோரமாயின் யானையும் பாம்பும் உண்டு. போரினால் இடம்பெயர்ந்து மீண்ட முதியவரோ, இன்று இல்லாத பழைய வீட்டைத் தேடிப் புறப்படவுங் கூடும்.

இத்துன்பத்துக்கு ஒரு வழி கண்டவன் 15 வயது மாணவன் என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். நியூயோர்க்கைச் சேர்ந்த கென்னத் ஷினோசுக்கா என்பவனின் பாட்டனார் அல்சைமர் நோயாளர். இரவிலே அவர் எழுந்து நடப்பதால், அவரைப் பராமரித்த அத்தை உறக்கமின்றி வாடினார். பாட்டனாரின் பாதம் நிலத்திலே பட்ட கணத்தைக் கண்ட பேரனுக்கு ஓர் எண்ணம் உதித்தது. காலுறையிலே மெல்லிய அழுத்த உணரி ஒன்றைப் பொருத்தினான். பாதம் நிலத்தில் ஊன்றியதும், அத்தையின் கைத்தொலைபேசி ஒலித்தது. இதற்காக 2014ஆம் ஆண்டில், கூகிள் விஞ்ஞானப் போட்டியிலே, சயன்ரிபிக் அமெரிக்கன் இதழின் பரிசாக 50,000 டொலர் பெற்றான்.

நமக்கு அத்துணை நுட்பமும் வேண்டியதில்லை. கதவிலே ஒரு சிறு காந்தமும், கதவுநிலையிலே காந்தத்தால் இயங்கும் ஓர் ஆளியும் போதும். கதவு திறந்து காந்தம் விலகியதும் மணி ஒலிக்கும். கட்டிலருகே விரிக்கும் அழுத்த விரிப்பு, காலடி பட்டதும் அறிவிக்கும். உடற்சூட்டைக் கொண்டு ஆள் அசைவை அறியும் உணரியும் உண்டு. விஞ்ஞானம் பயிலும் மாணவர், ஆசிரியர் துணையுடன் இவற்றைப் பொருத்தலாம்.

சில எச்சரிக்கைகள் அவசியம். மின்வெட்டிலும் இயங்கப் பற்றரி இருத்தல் வேண்டும். மணி முதியவரின் காதருகே ஒலித்து அவரைத் திடுக்கிடச் செய்யலாகாது. பராமரிப்பவரின் தலைமாட்டிலே ஒலிக்க வேண்டும். வெளியே பூட்டிவைப்பது தீர்வன்று. தீப்பற்றினால் அதுவே எமனாகும். முதியவர் எழுவது சலத்துக்காகவோ, நோவினாலோ, தாகத்தாலோ ஆகலாம்; ஆகையால் வைத்தியரிடம் காட்டுதலும், நடைவழியில் சிறு விளக்கு வைத்தலும் முதற்கடன். கருவி பொருத்துவதை முதியவருக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்லல் வேண்டும். அவர் நம் பெரியவர், கைதியல்லர்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. மணி ஒலித்தால், எழுந்து வருபவர் யார்? பிள்ளைகள் வெளிநாட்டிலே இருக்க, முதிய கணவரை முதிய மனைவியே காக்கும் வீட்டிலே மணி மட்டும் என்ன செய்யும்? கருவிக்குக் காது உண்டு, கையில்லை. தாங்கிப் பிடித்து, “அப்பு, இன்னும் விடியவில்லை, வாருங்கோ” என்று அழைத்துவரும் கை நம்முடையதாக இருக்க வேண்டும்.

வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலிலே இரவிரவாகத் தொண்டாற்ற இளைஞர்களுக்குத் தெரியும். அத்தொண்டை அயல்வீட்டுக்கும் நீட்டுவோமாக. அத்தகைய வீடு ஒவ்வொன்றுக்கும், வீட்டாரின் சம்மதத்தோடு, அருகிலுள்ள உறுப்பினர் இருவர் முறைவைத்துப் பொறுப்பேற்கட்டும். மணி அவர்கள் கைத்தொலைபேசியிலும் ஒலிக்கட்டும். அந்த அன்னை ஓரிரவாவது நிம்மதியாக உறங்கினால், அதுவே நமது சங்கத்தின் சிறந்த பூசையாகும்.